பத்தாயிரத்து ஒரு ரூபா

1

இங்கே நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோது ஏப்ரன் பைக்குள் போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். என் வங்கிக் கணக்கில் இருபத்தைந்து பவுண்ட்ஸ் ஐம்பது பென்ஸ் வந்து விழுந்திருந்தது. அனுப்பியவர் என் கணவர். எதற்காக என்று எழுதும் இடத்தில் 'மஹர்' என்று எழுதியிருந்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மஹர் என்பது நிக்காஹ் நேரத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய கொடை. அது அவளுக்கே உரியது. தாய் தகப்பனுக்குக்கூட அதில் பங்கில்லை. அன்றே கொடுக்காவிட்டால் கடனாக நிற்கும், மௌத்தாகி மண்ணுக்குள் போனாலும் நிற்கும். எனக்கு எழுதிய மஹர் பத்தாயிரத்து ஒரு ரூபா. எழுதி இருபத்தொன்பது வருடமாகிறது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

“என்ன மச்சான் இது?”

“மஹர் புள்ள. பத்தாயிரத்தி ஒரு ரூவா. இண்டைய ரேட்டுக்கு இருவத்தஞ்சு பவுண்ட்ஸ்தான் வருது. நான் ஐம்பது பென்ஸ் கூடப் போட்டிரிக்கன்.”

“அது என்னத்துக்குக் கூட?”

“நல்ல மனசுக்கு.”

நல்ல மனசாம். ஐம்பது பென்ஸுக்கு இங்கே ஒரு பிளாஸ்டிக் பைகூடச் சரியாக வராது.

இவருக்கு இந்த நேரத்தில் மஹர் ஞாபகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய நாள் குறித்திருந்தார்கள். நாள் குறித்ததிலிருந்து இவர் தன் கொடுக்கல் வாங்கல்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார். ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் போன் எடுத்து, தெரிந்தும் தெரியாமலும் செய்ததை மன்னித்துக்கொள்ளச் சொன்னார். நூலகத்துப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தார். நான் அந்தக் கொப்பியைப் பார்த்தேன். கார் திருத்துகிறவனுக்குக் கொடுக்க வேண்டிய நாற்பது பவுண்ட்ஸ் நாலாவது இடத்தில் இருந்தது. நான் ஏழாவது.

2

என் கோபம் உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் நான் அங்கே யாராக இருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

நான் குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயப் பயிர் செய்த ஒருவரின் மகள். வர்த்தகப் பிரிவில் படித்து, பரீட்சை எழுதி, வங்கியில் லிகிதர் வேலை எடுத்தவள். முதல் ஆறு மாதம் சிலாபத்தில் பயிற்சி. முன்னேஸ்வரத்துத் திருவிழா முடிந்த கையோடு சில்லறைக் காசு சாக்குச் சாக்காக வந்து இறங்கும். சந்தனமும் விபூதியும் ஒட்டிய இருபத்தைந்து சதங்களை எண்ணி எண்ணி என் விரல் நுனி கறுத்துப் போயிருந்தது. பிறகு புத்தளத்தில் ஒரு கிளைக்கு மாற்றினார்கள். அங்கே வெளிநாட்டு நாணயப் பிரிவு என் பொறுப்பு. ஒவ்வொரு நாளும் காலையில் கொழும்பிலிருந்து போன் வரும். அதன்படி வாசலுக்கு நேரே தொங்கும் பலகையில் டொலர், பவுண்ட்ஸ், றியால், தினார் விலைகளை ஒவ்வொரு எண்ணாகச் செருக வேண்டும். கதவு திறக்கும் முன்பே சவூதியிலும் குவைத்திலும் ஆள் வைத்திருக்கிற பெண்கள் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். “ராத்தா, றியால் ஏறினதா?” என்று உள்ளே வரும்போதே கேட்பார்கள். உச்சமுனையிலிருந்து தோணியில் வருகிறவர்கள் தாள்களை நனைத்துக்கொண்டுதான் வருவார்கள். அவற்றை விசிறிக்குக் கீழே பரப்பி, பேப்பர் வெயிட் வைத்துக் காயவிட்ட பிறகுதான் எண்ணலாம்.

பதவி உயர்வுப் பரீட்சைக்காக ரூபாவின் சரித்திரத்தைப் பாடமாக்கினேன். இப்போதும் மறக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்திய வெள்ளி ரூபாதான் எங்கள் நாட்டிலும் ஓடியது. தாள் காசைத் தனியார் வங்கிகள் அடித்தன. கோப்பித் தோட்டங்களுக்கு நோய் வந்து, அதை நம்பியிருந்த வங்கி ஒன்றும் முறிந்து விழ, தாள் அடிக்கும் வேலையை அரசாங்கமே கையில் எடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய வங்கி வந்தது. எழுபதில் ஐம்பது, நூறு ரூபாத் தாள்கள் செல்லாது என்று சொல்லி வங்கிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தவர்கள் தலையணையோடு ஓடினார்கள். எழுபத்தேழில் கதவைத் திறந்துவிட்டார்கள். எட்டு ரூபா அளவில் இருந்த டொலர் பதினாறுக்குப் பாய்ந்தது. அதற்குப் பிறகு நடந்தது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

இந்தக் கதையோடு என் கதையும் ஒட்டிப்போய்விட்டது. நான் வருடங்களை ஞாபகம் வைப்பதில்லை, டொலர் விலையைத்தான் வைத்திருக்கிறேன். நாற்பத்தெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். ஐம்பத்தைந்தில் கல்யாணம் முடித்தேன். மகள் சுமையா எழுபதில் பிறந்தாள். நூறு தாண்டிய பிறகு இந்த நாட்டுக்கு வந்தோம். இவருக்கு இது பெரிய பகிடி. “இவட தலைக்குள்ள மூளை இல்ல, ரேட் போர்ட்தான் இரிக்கி” என்பார் வருகிறவர்களிடம்.

ஐம்பத்தைந்தில், பத்தாயிரத்து ஒரு ரூபா என்பது வங்கியில் என் இரண்டு மாதச் சம்பளம். நகைக் கடைக்குக் கொண்டுபோனால் இரண்டு தங்கப் பவுன் வாங்கலாம். அந்த ஒரு ரூபா எதற்கென்றால், முழு எண்ணில் எழுதினால் அழகில்லையாம். அழகாக எழுதினார்கள். “பொறகு தாறன்” என்று இவர் சொன்னார். சபையில் யாரும் எப்போது என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கேட்கவும் மாட்டார்கள். கேட்கிற பெண், தலாக்குக்குக் கணக்குப் பார்க்கிறாள் என்று பெயர் எடுப்பாள். கடைசியில் மனுசன் படுக்கையில் கிடக்கும்போது நாலு பெண்கள் அவள் காதுக்குள் வந்து, “ஹலால் பண்ணிட்டன் எண்டு சொல்லிடு புள்ள, பாவம் மனுசன்” என்பார்கள். அவளும் சொல்லிவிடுவாள், கடன் தள்ளுபடியாகிவிடும். என் மாமி ஒருத்தி அப்படிச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். நான் சொல்வதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

3

“ரெண்டு பவுன் தாங்க” என்றேன்.

“எழுதினது ரூவாதானே, பவுன் இல்லயே.”

“எழுதின ரூவாக்கு அண்டைக்கு ரெண்டு பவுன் வரும்.”

“நம்மட சல்லி விழுந்ததுக்கு நான் என்ன செய்ற புள்ள? நானா விழுத்தின?”

நியாயமான கேள்விதான். ஆனால் விழும்வரை வைத்துக்கொண்டிருந்தது யார்? அன்றே தந்திருந்தால் நான் இரண்டு வளையல் செய்து போட்டிருப்பேன். ரூபா எந்தக் குழிக்குள் விழுந்தாலும் வளையல் என் கையில் கிடந்திருக்கும். ஊரில் இப்போது ஒரு பவுன் மூன்று லட்சத்தைத் தொட்டு நிற்கிறது. இரண்டு பவுனுக்குரியவளுக்கு இருபத்தைந்து பவுண்ட்ஸ் ஐம்பது பென்ஸ் அனுப்பிவிட்டு, கொப்பியில் வெட்டிவிட்டு, நல்ல மனசு என்று வேறு சொல்கிறார்!

இவர் புத்தளத்தில் இருக்கும் தன் மௌலவி கூட்டாளிக்கு வட்ஸ்அப்பில் கேட்டார். ஏழு நிமிடக் குரல் பதிவு வந்தது. நடுவில் ஆடு கத்தியது, முச்சக்கரவண்டி ஒன்று போனது, மௌலவி யாருக்கோ ஸலாம் சொன்னார். சாராம்சம் இதுதான்: எழுதிய தொகை எதுவோ அதுதான் கடன். ஆனால் காசின் பெறுமதி இப்படி அடியோடு கெட்டால் பெறுமதியைப் பார்க்க வேண்டும் என்று சொன்ன ஆலிம்களும் உண்டு. ஆகவே இரண்டு பேரும் பேசிச் சமாதானமாகப் போவது நல்லது. இதைச் சொல்ல ஏழு நிமிடமா? இவர் முதல் பாதியை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார். நான் பின்பாதியை.

புதன்கிழமை இரவு சுமையா வந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. காப்புறுதிக் கம்பனியில் வேலை, தனியாக வீடு எடுத்து இருக்கிறாள். தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். நாங்கள் சண்டை பிடிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பையிலிருந்து கொம்பியூட்டரை எடுத்தாள்.

“இது கடன்தானே உம்மா? கடனென்றால் வட்டி போட வேண்டும். இருபத்தொன்பது வருடத்துக்குக் கூட்டு வட்டி போட்டால் எல்லாம் சரியாக வரும்” என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே தட்டத் தொடங்கினாள்.

“வட்டியா!” நானும் இவரும் ஒரே குரலில் கத்தினோம். அந்தக் கிழமையில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

“வட்டி ஹராம் மவள்.”

“அப்போ உம்மாவுக்கு நட்டமானது ஹலாலா?”

இருபத்தாறு வருடம் வளர்த்துவிட்டு, பதில் இல்லாத கேள்வி கேட்கிற பிள்ளையிடம் “போய்த் தேத்தண்ணி குடி” என்று சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அவள் கொம்பியூட்டரை மூடிவிட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் நல்ல ஆலோசகர் ஒருவர் தேவை என்றாள். அதற்கு மணித்தியாலத்துக்கு அறுபது பவுண்ட்ஸாம். மஹரைவிடக் கூட.

கடைசியில் இவர் ஒரு படி இறங்கி வந்தார். நிக்காஹ் அன்று பவுன் என்ன விலை என்று சரியாகத் தெரிந்தால் யோசிக்கலாம் என்றார். அதற்கு நாள் தெரிய வேண்டும். எனக்கு டொலர் ஐம்பத்தைந்து என்று தெரியும். இவருக்கு இறால் பண்ணைகளுக்கு நோய் வந்து இறாலெல்லாம் செத்த வருடம் என்று தெரியும். ரமழான் பெருநாள் கழிந்த பிறகு என்று இரண்டு பேருக்கும் தெரியும். தேதி தெரியவில்லை. இங்கே எங்கள் கடவுச்சீட்டு, விசா எல்லாவற்றிலும் ஏஜென்சிக்காரன் போட்டுக்கொடுத்த ஏதோ ஒரு தேதிதான் இத்தனை வருடமாக ஓடுகிறது. கடுத்தத் தாள், அதாவது விவாகப் பதிவுத் தாள், இவருடைய தங்கச்சி வீட்டு அலுமாரியில் இருந்தது, கறையான் தின்றுவிட்டது.

ஊரில் இருக்கும் என் அண்ணனுக்கு, நானாவுக்கு, போன் எடுத்து, பதிவகத்தில் ஒரு பிரதி எடுக்கச் சொன்னேன். அடுத்த நாள் அவர் பஸ்ஸில் இருந்துகொண்டே கத்தினார்.

“பரீதா, விண்ணப்பப் பாரத்தில கல்யாணம் நடந்த தேதிய எழுதட்டாம். தேதி தெரிஞ்சா எனக்கு என்னத்துக்குத் தாள்?”

4

ரூபா விழுந்ததைப் பற்றி இவ்வளவு புலம்புகிறேனே, அது தலைகுப்புற விழுந்த அந்த வருடம் நாங்கள் இங்கே என்ன செய்தோம் தெரியுமா? பிரியாணி ஆக்கினோம்.

உண்மையைச் சொல்கிறேன். புத்தளத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீடு கூரை இல்லாமல் நின்றது. அதற்கு முன் பல மாதமாக டொலரை இருநூறு ரூபாவில் கட்டி வைத்திருந்தார்கள். கட்டி வைத்தால் நிற்குமா? வங்கி விலையை விட நாற்பது, ஐம்பது ரூபா கூட்டிக் கொடுக்கிறார்கள் என்று இங்குள்ள எல்லாரும் உண்டியல்காரரிடம் போனார்கள். இங்கே ஒருவன் கையில் பவுண்ட்ஸைக் கொடுத்தால் அங்கே ஒருவன் வீட்டு வாசலில் ரூபாவைக் கொடுப்பான். ஒரு தாளிலும் இருக்காது. வங்கியில் இருந்த நானும் போனேன். “நீயுமா?” என்று இவர் கேட்டார். ஓம், நானும்தான். பிறகு அரசாங்கம் கயிற்றை விட்டது. சில கிழமைகளுக்குள் டொலர் முந்நூற்று அறுபது, பவுண்ட்ஸ் நானூற்றைம்பதுக்கு மேல். எங்கள் கூரை ஒரே மாதத்தில் முடிந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் நம்மவர்கள் இரண்டு குடும்பத்தைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தோம். எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம் என்பார்களே, அதுதான்.

அந்தக் கிழமையே நானாவுக்குப் போன் எடுத்தேன். அவர் மண்ணெண்ணெய் வரிசையில் இரண்டாவது நாளாக நின்றார். தண்ணீர் மோட்டார் ஓட மண்ணெண்ணெய் இல்லை. ஒரு ஏக்கர் வெங்காயம் வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்திய போகத்தில் உரமும் இல்லை.

“நானா, இப்ப ரேட் நல்லம். சல்லி அனுப்பட்டா?” என்று கேட்டேன்.

“அனுப்பு புள்ள. ஆனா நல்லம் எண்டு மட்டும் எனக்கிட்ட சொல்லாத.”

நான் வெட்கப்பட்டேன். ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே அடுத்த மாதமும் ரேட் பார்த்தேன். இங்கே இருக்கிறவர்களின் நிலை அதுதான். ஊருக்காக அழுகிற கண்ணே ஒரு பக்கத்தால் போனில் விலையையும் பார்க்கும். அந்த இரண்டு மாதத்தில் என் மஹரும் பாதியாகப் போனது. கூரை ஓடுகளுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

5

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஹொஸ்பிட்டலில் நின்றோம். இவருக்குப் பச்சை உடுப்பு மாட்டி, கையில் ஊசி குத்தி, கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். தேதி இன்னும் கிடைக்கவில்லை. சண்டையும் தீரவில்லை.

நேர்ஸ் ஒருத்தி கேள்விப் பத்திரத்தோடு வந்தாள். ஒவ்வாமை உண்டா, கட்டுப்பல் உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, மனதை அரிக்கிற கவலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நம் ஆட்கள் இல்லை என்றுதானே சொல்வார்கள்? இவர் ஓம் என்றார்.

“என் மனைவிக்குக் கல்யாணத்தில் இருந்து கடன் வைத்திருக்கிறேன்” என்றார் ஆங்கிலத்தில்.

“எவ்வளவு?”

“இருபத்தைந்து பவுண்ட்ஸ்.”

அவள் பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். என் தோளில் தட்டி, “இருபத்தைந்துதானே, பாவம், விட்டுவிடுங்கள்” என்றாள். எனக்கு உச்சி வரை ஏறியது. இவளுக்கு எங்கிருந்து தொடங்குவது? கோப்பித் தோட்டத்தில் இருந்தா, எழுபத்தேழில் இருந்தா? “அது அன்றைக்கு இருபத்தைந்து இல்லை” என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். இந்தப் பெண் ஒரு இருபத்தைந்து பவுண்ட்ஸுக்காகச் சாகப்போகிற மனுசனோடு மல்லுக்கு நிற்கிறாள் என்றுதான் போய்ச் சொல்லியிருப்பாள்.

தள்ளிக்கொண்டு போக ஆள் வந்ததும் இவர் என் கையைப் பிடித்தார்.

“புள்ள, சண்ட வேணாம். ஹலால் பண்ணிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நான் நிம்மதியாப் போறன்.”

நிம்மதியாகப் போகிறாராம். அந்த ஒரு சொல்தான் என்னைக் கிளப்பியது.

“எங்க போற? நான் சொல்ல மாட்டன். கடன வச்சிக்கிட்டு ஒருத்தரும் எங்கயும் போகேலா. எழும்பி வந்து என்ட ரெண்டு பவுனத் தந்திட்டு எங்க வேணுமெண்டாலும் போங்க.”

தள்ளுகிறவன் தமிழ் தெரியாமல் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இவர் சிரித்த மாதிரி இருந்தது. கதவு மூடிவிட்டது.

பிறகு ஆறு மணித்தியாலம். சுமையா என் பக்கத்துக் கதிரையில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். என்ன மனுசி நான்? கேட்ட ஒரு சொல்லைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். இரண்டு பவுன் என்ன, இருநூறு பவுன் தந்தாலும் இவரில்லாத அந்த வீட்டுக்கு நான் எப்படித் திரும்பிப் போவேன்? இப்போதாவது மனதுக்குள் சொல்லிவிடலாம், அல்லாஹ்வுக்குத் தெரியும் என்று பலமுறை நினைத்தேன். வாய் வரவில்லை. சொன்னால் கயிற்றை விட்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பைத்தியக்காரப் பயம். ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன், அதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு டொக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். நான் அழுத அழுகையைப் பார்த்து அவர் கெட்ட செய்தி சொல்லிவிட்டோமோ என்று திரும்பவும் சொன்னார்.

6

வீட்டுக்கு வந்த பிறகு இவர் தேத்தண்ணிக் கேத்திலைக்கூடத் தூக்கக் கூடாது. இருமல் வந்தால் தையல் பிரியாமல் இருக்க ஒரு சிறிய தலையணையை நெஞ்சோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். நாள் முழுக்க அந்தத் தலையணையோடுதான் இருந்தார். மூன்றாவது கிழமை என் போன் அதிர்ந்தது. ஆயிரத்து நானூறு பவுண்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே. இங்கே இரண்டு பவுன் தங்கத்தின் அன்றைய விலை. எதற்காக என்ற இடத்தில் 'மஹர் மிச்சம்' என்று இருந்தது. தேதியும் கேட்கவில்லை, மௌலவியையும் கேட்கவில்லை.

“இப்ப சரியா?” என்று கேட்டார்.

“இப்ப சரி” என்றேன். அன்று இவருக்கு எலும்பு சூப் வைத்தேன்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் காரியங்களில் கடிதம் எப்போதும் கல்யாணம் முடிந்த பிறகுதான் வரும். அடுத்த நாள் காலையில் நானா கடுத்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினார். அவருடைய மூத்த மகன் எங்கள் நிக்காஹ் நடந்து மூன்றாம் நாள் பிறந்தவன். அவன் பிறப்புச் சான்றிதழை வைத்துத் தேதியைப் பிடித்தாராம். “நாலு தரம் அலஞ்சிட்டன். இதப் பத்திரமா வச்சிக்க” என்று ஒரு குரல் பதிவும் இருந்தது.

மூக்குக்கண்ணாடி இவருக்குக் கைக்கெட்டவில்லை. நான் கட்டிலின் ஓரத்தில் இருந்து வாசித்தேன். மாப்பிள்ளை பெயர், பெண்ணின் பெயர், மஹர் பத்தாயிரத்து ஒரு ரூபா, பின்னர் கொடுக்கப்படும். அதற்குக் கீழே இருந்த வரியை வாசிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

“என்ன?” என்று போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

கைக்கூலி. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் ரொக்கம். மார்க்கத்தில் இல்லாதது, எங்கள் பக்கத்தில் இல்லாமல் முடியாதது. ஒரு லட்சம் ரூபா, கொடுக்கப்பட்டது. தாளின் அடியில் கையெழுத்துகள். பெண்ணுக்குப் பொறுப்பாக என் வாப்பா, பிறகு மாப்பிள்ளை, இரண்டு சாட்சி, பதிவாளர். என் கையெழுத்து எங்கும் இல்லை. எங்கள் சட்டம் அதைக் கேட்கவில்லை. நாள் முழுக்க மற்றவர்களின் கையெழுத்துச் சரியா என்று அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் காசு கொடுத்தவள் நான்.

“ஒரு லட்சம்” என்றார் இவர், அப்போதுதான் கேள்விப்பட்டவர் மாதிரி.

நான் யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன். நிக்காஹ்வுக்கு முந்திய நாள் வாப்பா வங்கிக்கு வந்தார். இரண்டு போக வெங்காயக் காசும், தென்னங்காணி ஒன்றை விற்ற காசும் கணக்கில் இருந்தன. காசாளர் அன்று லீவு. அவருடைய இடத்தில் நான் இருந்தேன். வாப்பா என் முகத்தைப் பார்க்காமல் காசு எடுக்கும் துண்டுச்சீட்டைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார். ஆயிரம் ரூபாத் தாள்கள் நூறு. இரண்டு முறை எண்ண வேண்டும் என்பது வங்கிச் சட்டம். இரண்டு முறை எண்ணினேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். “சரிதானே மவள்?” என்றார். “சரி வாப்பா” என்றேன். லேஞ்சித் துணியில் கட்டி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். எனக்குக் கொடுக்க வேண்டியதைப் பிறகு தருகிறேன் என்றார்கள். என்னோடு கொடுக்க வேண்டியதை நானே எண்ணிக் கொடுத்தேன், அன்றைய ரூபாவில், ஒரு சதம் குறையாமல். அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. வாப்பா மேலா, இவர் மேலா, என் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை.

முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் மூன்று தங்கச்சிமாரோடு இருந்த குடும்பம் இவருடையது. அதை நான் மறந்தவளில்லை.

“அந்தச் சல்லி எங்கிட்ட ஒரு கிழமையும் நிக்கல்ல” என்றார். “தங்கச்சிட மாப்புள வீட்டுக்குப் போச்சு.”

“தெரியும்.”

“நீ எண்ணின எண்டு எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

இவருக்கு இருமல் வந்தது. தலையணையை அழுத்திப் பிடித்து இருமி முடித்துவிட்டு, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“இத எந்த ரேட்டுல திருப்பிக் குடுக்கிற பரீதா? யாருக்கிட்டக் குடுக்கிற?”

ஒரு லட்சம் என்றால் அன்று இருபது பவுன். என் தலை அதற்குள் கணக்குப் போட்டுவிட்டிருந்தது. ஆனால் வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருடமாகிறது.